முணுமுணுப்பு உட்பட

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஜெனோவா நகரத்தில் ஏதாவது ஒரு நல்ல உணவகத்தின் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வெளிச்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விலைப்பட்டியல் மாட்டியிருக்கும். அதன் முன்னால் ஒருவர், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர் போல நின்றுகொண்டிருப்பார். பாவம், பசியோடு வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது. உள்ளே போவதற்காக அவர் அங்கே நிற்கவில்லை. உள்ளே போகாததால் தனக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொண்டு, அந்தத் திருப்தியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதற்காக நிற்கிறார்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தகுமாக்காரர். 'கொடுத்த காசுக்குத் தகுமா?' என்ற ஒரே கேள்வியைப் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர். நீங்களும் நானும் விலைப்பட்டியலை இடமிருந்து வலமாகப் படிப்போம். என்ன இருக்கிறது, எது பிடிக்கும், பிறகு பயந்துகொண்டே விலை. தகுமாக்காரர் வலமிருந்து இடமாகப் படிப்பார். முதலில் முப்பத்தெட்டு யூரோ என்ற எண்ணைக் கண்டு ஒரு பெருமூச்சு விடுவார். அப்படி முப்பத்தெட்டு யூரோ கேட்கிற அளவுக்கு அது என்ன சாதித்துவிட்டது என்று பார்ப்பதற்குத்தான் இடப்பக்கம் போவார். அது ஒரு மீன் என்று தெரிந்ததும் அந்த மீனின் மேல் அவருக்கு ஒரு தனிப்பட்ட கோபம் வந்துவிடும்.

எப்போதாவது, பிறந்தநாள், பணி ஓய்வு, கொழுந்தியாள் வீட்டார் வற்புறுத்தல் என்று ஏதோ ஒரு விபத்தில் தகுமாக்காரர் உணவகத்துக்குள் மாட்டிக்கொள்வதுண்டு. அப்போது பார்க்க வேண்டும் அவரை. எங்கள் நாட்டில் மேசையில் உட்கார்ந்தாலே ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் ஏறிவிடும், ரொட்டிக் கூடைக்கும் மேசை விரிப்புக்குமான கூலி அது. எல்லோரும் கொடுக்கிறோம், யாரும் பேசுவதில்லை. தகுமாக்காரர் மட்டும் "நின்னுகிட்டே சாப்பிட்டா இதைக் கழிச்சுக்குவீங்களா?" என்று விசாரிப்பார். பிறகு மிஞ்சிய ரொட்டித் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். மேசை விரிப்பையும் ஒரு பார்வை பார்ப்பார். பெஸ்தோ போட்ட பாஸ்தா ஆவி பறக்க வந்து இறங்கியதும் மற்றவர்கள் முள்கரண்டியை எடுக்க, இவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, பேசில் இலை ஒரு கட்டு இவ்வளவு, பைன் கொட்டை ஒரு பிடி இவ்வளவு, சீஸ் துருவல் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, பூண்டு அரைப் பல், அதை விடு, மாவு கணக்கிலேயே வராது, உப்பைக் கடல் சும்மா கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டி, ஆக மொத்தம் மூன்று யூரோ இருபது சென்ட் என்று தீர்ப்பு வழங்கும்போது பாஸ்தா ஆறிப்போயிருக்கும். அதில் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிப்போனதுக்கா பத்தொம்பது யூரோ?" என்பார்.

இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். கஞ்சன் வேறு இனம். கஞ்சனுக்குக் காசு போகக் கூடாது. தகுமாக்காரருக்குக் காசு போனால் பரவாயில்லை, ஏமாந்துவிடக் கூடாது. தான் சந்தோஷமாக மென்றுகொண்டிருக்கும் நேரத்தில் சமையல்கட்டுக்குள் யாரோ தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் அவர் சந்தோஷமாக மெல்வதையே விட்டுவிட்டார்.

இவருக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாடிக்குக் கீழே ஒரு வக்கீல் குடியிருக்கிறார். மிலானுக்குப் போய் நுரைக்கு நடுவில் படுத்திருந்த ஒற்றை இறாலைத் தொண்ணூறு யூரோவுக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து லிஃப்ட்டில் அகப்படுகிறவர்களிடமெல்லாம் "அது சாப்பாடு இல்லைங்க, அனுபவம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இறால் எப்படி இருந்தது என்று ஒருநாள் கேட்டேன். "தொண்ணூறு யூரோங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் இருவருக்கும் ஒரே நோய்தான். ஒருவர் காசு போனதால் திட்டுகிறார், மற்றவர் காசு போனதால் புகழ்கிறார். நாக்கை இருவருமே வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்கு வாய்த்த தகுமாக்காரர் என் அக்கா இனெஸின் கணவர், ஜெரோலமோ அத்தான். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கப்பலையே கட்டி இழுத்தவரை ஒரு உணவகத்துக்கு இழுத்துப் போக எங்களால் முடிந்ததில்லை. வீட்டில் அக்கா முயல் கறி வைப்பாள், தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார், ரொட்டித் துண்டால் சாறு முழுவதையும் ஒற்றி எடுப்பார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதையே வெளியில போய்ச் சாப்பிட்டா இருபத்தஞ்சு யூரோ" என்பார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு. கீரை அப்பத்துக்குப் பன்னிரண்டு, அடைத்த கத்தரிக்காய்க்குப் பதினான்கு என்று அக்காவின் கைமணம் முழுவதற்கும் அவரிடம் விலை உண்டு. நாட்டில் விலைவாசி ஏறும்போது அவளுடைய சமையலும் கூடவே முன்னேறும். 'நல்லா இருக்கு' என்ற இரண்டு சொற்களை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, எங்கள் ஊரில் அந்தச் சொற்களின் புழக்கமே குறைவு. 'சாப்பிடலாம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் சமைத்தவர் சந்தோஷத்தில் அன்றிரவு தூங்கமாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் லிவியா. கப்பல் கட்டும் பொறியியல் படித்தாள். பட்டம் வாங்கிய கையோடு, அந்தப் பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு, நெர்வி கடற்கரையில் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் கிழங்கு உரிக்கப் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அத்தான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அஞ்சு வருஷம் படிக்கவெச்ச காசுக்கு இது தகுமா?" லிவியா கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். வருஷங்கள் ஓடின, கிழங்கிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அடுப்புக்கும் உயர்ந்து, இப்போது அந்தச் சமையல்கட்டில் அவள் இரண்டாவது ஆள். உணவகத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அதையும் பில்லில் சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு விலை. அதனாலேயே அத்தான் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. ஆனால் மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய், வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். வந்து, "நெத்திலி ரெண்டு யூரோ ஏறிடுச்சு" என்று அக்காவிடம் சொல்வார். மகள் நலமாக இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

இந்த வசந்தத்தில் லிவியா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஓனருக்கு வயசாயிடுச்சு. சமையல்கட்டை மொத்தமா என்கிட்ட குடுக்கறேங்கறார். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"சரின்னு சொல்ல வேண்டியதுதானே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நான் நல்லா சமைக்கறேனான்னு எனக்கே தெரியல."

"ஊரே பாராட்டுதேம்மா."

"அவங்கல்லாம் காசு குடுத்துட்டு சொல்றாங்க மாமா. அவ்வளவு காசைக் குடுத்துட்டு நல்லா இல்லன்னு எவன் சொல்லுவான்? சொன்னா அவன்தானே முட்டாள் ஆவான். அப்பா சொல்லணும் எனக்கு. விலையைப் பத்தி இல்ல, சாப்பாட்டைப் பத்தி. அவரு சொன்னா நான் சரிங்கறேன். இல்லன்னா வேணாம்."

அத்தானிடம் விலையை விலக்கிவிட்டுச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்பது, கடலிடம் உப்பை விலக்கிவிட்டுத் தண்ணீர் கேட்பது மாதிரி. அந்தக் காரியத்தில் அந்தப் பெண் தன் பிழைப்பைப் பணயம் வைக்கிறாள். ஆனால் அவளிடம் ஒரு யோசனை இருந்தது, அதுவும் சுத்த ஜெனோவா யோசனை.

எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் ஒரு கதை. அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு இரண்டு வகை ஒப்பந்தம் இருந்ததாம். ஒன்றில் சம்பளம் கூடுதல், ஆனால் கப்பலில் வாயைத் திறக்கக் கூடாது. மற்றதில் சம்பளம் குறைவு, ஆனால் காற்று, அலை, காய்ந்த ரொட்டி, கேப்டனின் மூக்கு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்யலாம். எங்கள் ஆட்கள் இரண்டாவதற்குத்தான் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்களாம். அந்த முணுமுணுப்புக்கு எங்கள் பேச்சில் முகூன்யோ என்று பெயர். வெளியூர்க்காரர்கள் இதைக் கேலியாகச் சொல்கிறார்கள். நாங்கள் குலப்பெருமையாகச் சொல்கிறோம்.

லிவியா வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். நானும் இருந்தேன்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க, அம்மா, மாமா மூணு பேரும் என் கடைக்கு வர்றீங்க. காசு கிடையாது. ஆனா முகூன்யோ இல்லாத ஒப்பந்தம்."

"காசு கிடையாதுன்னா?"

"ஒரு சென்ட் கிடையாது."

"ரொட்டிக்கு?"

"ரொட்டிக்கும் கிடையாது. சமையல்கட்டு ஆளுங்க வீட்டுக்காரங்களுக்கு வருஷத்துல ஒரு தடவை அப்படி ஒரு வழக்கம் இருக்கு. பூண்டு ஜாஸ்தி, தட்டு சின்னது, வீட்டுல எவ்வளவு, வெளியில எவ்வளவு, இதெல்லாம் வாயில வரக் கூடாது. கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லா இருந்துச்சா, இல்லையான்னு. அது போதும் எனக்கு."

அத்தான் மோவாயைத் தடவினார். இலவசம் என்பதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் தேடுவது தெரிந்தது.

"என்னய்யா, ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருந்துடுவியா நீ?" என்றாள் அக்கா.

"என்ஜின் ரூம்ல அத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டுத்தானே வேலை பாத்தேன்."

"அங்க நீ எங்கய்யா மூடுன? சத்தத்துல யாருக்கும் கேக்கல, அவ்வளவுதான்."

அத்தான் முறைத்தார். "சரி, வர்றேன்" என்றார் மகளிடம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழே பாறைகளில் கடல் அடிக்க, வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் எங்களை உட்கார வைத்தார் ஓரெஸ்தே. உணவகத்தின் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர், பொலோன்யாக்காரர், சாப்பாட்டைப் பார்த்தால் கண்கலங்கும் ஊர்க்காரர். ஆளுக்கொரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அத்தான் வழக்கப்படி வலப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் ஒன்றுமில்லை. அட்டையைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைதட்டி ஓரெஸ்தேயைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு பக்கம் அச்சாகல."

"இல்லைங்கய்யா. விருந்து குடுக்கறவங்களுக்கு மட்டும்தான் விலை போட்ட அட்டை. விருந்தாளிகளுக்கு இது."

பழைய பெரிய உணவகங்களில் இன்னும் இருக்கும் மரியாதை அது. முன்பெல்லாம் பெண்களுக்கு விலையில்லாத அட்டை கொடுப்பார்கள், இப்போது விருந்தாளிகளுக்கு. மரியாதை என்பது சிலருக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று அன்றுதான் பார்த்தேன். வலமிருந்து இடமாகப் படிக்கிறவருக்கு வலப்பக்கமே இல்லையென்றால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? அட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, உதடு அசைய, ஒவ்வொரு பதார்த்தமாகச் சந்தோஷமாகப் படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பட்டியலை அவள் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

லிவியா என்ன கொடுக்கிறாளோ அதைச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. முதலில் அடைத்த நெத்திலி வந்தது. குளிக்கும் தொட்டி அளவுக்கு ஒரு தட்டு, அதில் மூன்று நெத்திலிகள். அத்தானின் உதடுகள் பிரிந்தன. மேசைக்கடியில் அக்காவின் செருப்பு அவர் காலை மிதித்தது. உதடுகள் சேர்ந்துகொண்டன. அடுத்து சின்னஞ்சிறு இரும்புச் சட்டியில், ஓரம் முறுகி, மேலே மிளகு தூவிய கடலை மாவு அடை. துறைமுகத்துக் கல் வளைவுகளுக்குக் கீழே இருக்கும் கடைகளில் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்களே, அதேதான். அப்புறம் கீரை அடைத்த பாஸ்தா, வால்நட் சாறு ஊற்றியது. அப்புறம் மீன். அத்தான் எல்லாவற்றையும் சாப்பிட்டார். தட்டில் ஒன்றும் வைக்கவில்லை, முகத்திலும் ஒன்றும் வைக்கவில்லை. நெருங்கிய உறவினர் மருத்துவமனையில் இருக்கும்போது கான்டீனில் சாப்பிடுகிறவர் போல, யாரையும் பார்க்காமல், ஒரே சீராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நான் அன்றைய கடலைப் பற்றி ஏதோ சொன்னேன். "ம்" என்றார்.

இனிப்பு முடிந்ததும் நான் எழுந்து சமையல்கட்டுக் கதவருகே போனேன். ஓரெஸ்தே அங்கே லிவியாவிடம் பூரித்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா ஒரு வார்த்தை பேசலைங்க. சொக்கிப்போய்ச் சாப்பிடறார். எங்க ஊர்ல கோயில்லதான் அப்படி உக்காந்திருப்பாங்க."

பொலோன்யாக்காரருக்கு அது அப்படித்தான் தெரியும். லிவியாவின் முகம் மாவு பூசியது போல வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் கதவுக்கு வெளியே வந்தாள்.

"ஒன்னுமே சொல்லலயா மாமா?"

"நீதானேம்மா சொல்லக் கூடாதுன்ன."

"சொல்லக் கூடாதுன்னா அப்படியே இருந்துடுவாரா? பூண்டைப் பத்திகூடவா? வாய்க்குள்ளயாவது முனகியிருப்பாரே."

"இல்லம்மா. உங்கம்மா ஒரு தடவை கால்ல மிதிச்சா. அதுக்கப்புறம் அதுகூட வேண்டியிருக்கல."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"மூஞ்சி மூஞ்சியாத்தான் இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எழவு வீட்டுல கூட சும்மா இருக்கமாட்டார் மாமா எங்கப்பா. சவப்பெட்டிக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேப்பார். அவரு வாயே திறக்கலன்னா, சொல்ற அளவுக்குக்கூட இதுல ஒன்னும் இல்லன்னு அர்த்தம். ஓசியில போட்டும் பிடிக்கல பாருங்க. நான் ஓனர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"அவசரப்படாதேம்மா" என்றேன். வேறென்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. வாயை அடைத்தால் வார்த்தை கிடைக்கும் என்று அவள் போட்ட கணக்கு, வாயோடு சேர்த்து வார்த்தையையும் அடைத்துவிட்டது.

மேசைக்குத் திரும்பினால் அத்தான் நாற்காலி காலியாக இருந்தது.

"உங்கத்தான் கை கழுவிட்டு வர்றேன்னு போனாரு. போய் ரொம்ப நேரமாச்சு" என்றாள் அக்கா.

எங்கள் நாட்டில் சாப்பாட்டின் முடிவில் ஒரு ஆம்பிளை கை கழுவப் போகிறேன் என்று எழுந்தால், மற்றவர்கள் பார்க்கும் முன் திருட்டுத்தனமாகப் பில்லைக் கட்டப் போகிறார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஜெரோலமோ அத்தான் கை கழுவப் போனால் கை கழுவத்தான் போவார். அந்த நம்பிக்கையோடுதான் தேடிப் போனேன். பணம் வாங்கும் இடத்தில் அத்தானும் ஓரெஸ்தேயும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பில்லைக் குடுங்க."

"பில் கிடையாதுங்கய்யா. நீங்க லிவியாவோட விருந்தாளி."

"நான் விருந்தாளி இல்ல, சாப்பிட வந்தவன். அந்த விலை போட்ட அட்டையை எடுங்க. பாத்துக் கூட்டுங்க. ரொட்டியைச் சேருங்க, உக்காந்ததுக்கும் சேருங்க. எதையும் விடக் கூடாது."

"அத்தான், உங்களுக்கு என்ன ஆச்சு? சும்மா கிடைச்சதுக்கு எதுக்குக் காசு?" என்று கையைப் பிடித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அவ்வளவு சிவந்த முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"மச்சான், ஓசியில தின்னவனுக்கு ஏதுடா வாய்? உக்காந்ததுல இருந்து எனக்கு மூச்சு முட்டுது. அவ என்ன போட்டிருக்கான்னு எனக்குத் தெரியுது, எங்க கோட்டை விட்டான்னும் தெரியுது. அதைச் சொல்லாம எழுந்து போனா நான் என்ன அப்பன்?"

ஓரெஸ்தே என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இயந்திரம் ஒரு நீளமான தாளைத் துப்பியது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ. அத்தான் அதைக் கீழிருந்து மேலாகப் படித்தார், இரண்டாவது தடவை மேலிருந்து கீழாகப் படித்தார். பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து நீட்டினார்.

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த விதமே வேறாக இருந்தது. கால்களை அகட்டி, தோளை விரித்து, வாடிக்கையாளராக உட்கார்ந்தார். லிவியாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி, முடிவைக் கேட்டுக்கொள்ளத் தயாரான முகத்தோடு வந்து நின்றாள்.

"ஒப்பந்தம் மாறிடுச்சு" என்று பில்லை விரிப்பின் மேல் வைத்து நீவினார் அத்தான். "காசு குடுத்தாச்சு. இப்பக் கேளு."

"அப்பா, எதுக்கு இப்படி..."

"கேளுன்னேன்ல. நெத்திலி. மூணு மீனுக்கு இருபத்தஞ்சு யூரோ. உயிரோட இருந்தப்பகூட அது அவ்வளவு சம்பாதிச்சிருக்காது. அது கிடக்கட்டும். உள்ள வெச்ச பூரணத்துல மர்ஜோரம் தழை ஜாஸ்தி. மீனைத் தேட வேண்டியிருக்கு."

"அது வேணும்ப்பா. அதைக் குறைச்சா மீன் வாடை அடிக்கும்."

"மீன்னா மீன் வாடைதான் அடிக்கும். பூவாவா மணக்கும்? அடுத்தது, வால்நட் சாறு. ரெண்டு பருப்புல தோல் உரிக்காம விட்டிருக்கீங்க. நாக்கோட அடியில கசந்துச்சு."

"புதுப் பையன் உரிச்சது" என்றாள் லிவியா சின்னக் குரலில்.

"அவனை உக்காரவெச்சு உரிக்கச் சொல்லு. மீன். வால் பக்கம் தீயில ஒரு நொடி கூடுதலா நின்னுடுச்சு. தலைப்பக்கம் சரியா இருக்கு."

"வால் பக்கம் கொஞ்சம் முறுகணும்னுதான் அப்பா வெச்சேன்."

"முறுகறது வேற, காயறது வேற. இழுவைப் படகுல நாங்க தகரத்து மேல சுட்ட மீன் இதைவிட ஈரமா இருக்கும். அப்புறம் இந்தத் தட்டு. எதுக்கு இத்தனை பெரிசு? கோழிக்கூடு கட்ட ஒரு ஏக்கர் வாங்கின மாதிரி."

லிவியா பக்கத்து மேசை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "தட்டு சின்னதா இருந்தா ஆறிடும்" என்றாள். "பெரிசா இருந்தாத்தான் ஆறும், நீ பொறியியல் படிச்சவதானே" என்றார் அவர். இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓரெஸ்தே தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். காப்பிக்கு ஐந்து யூரோவா, ரொட்டியின் அடி ஏன் வெளிறியிருக்கிறது, மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு ஆறு யூரோ என்றால் நாற்காலிக்கு ஏன் மெத்தை இல்லை என்று பில்லின் கடைசி வரி வரைக்கும் போய்விட்டு, அத்தான் தாளை நான்காக மடித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பில்லில் ஒரு வரியை அவர் தாண்டிவிட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது. கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு. வளைவுகளுக்குக் கீழே சில்லறைக்குக் கிடைக்கிற பண்டம். இங்கே ஒரு சின்னச் சட்டி பதினெட்டு யூரோ. தகுமாக்காரர்கள் இனத்தின் வரலாற்றிலேயே அதைவிடச் சுலபமான இரை யாருக்கும் அகப்பட்டிருக்காது.

லிவியாவுக்கும் அது தெரிந்திருந்தது. "அப்பா, அந்தக் கடலை மாவு அடையை விட்டுட்டீங்க."

"விடல."

"பதினெட்டு யூரோ போட்டிருக்கோம்."

"பாத்தேன்."

"அப்புறம்?"

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, விரிப்பின் ஓரத்தால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அதுல சொல்றதுக்கு ஒன்னுமில்ல."

லிவியா எழுந்து, நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவை முழங்கையால் இடித்துத் திறந்த வேகத்தில் உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அன்று மாலையே ஓனரிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் அக்கா அவரிடம் கேட்டாள். "ஏய்யா, முந்நூத்திப் பன்னெண்டு யூரோ. தகுமா?"

"தகாது" என்றார் உடனே. கொஞ்ச தூரம் போன பிறகு, "அடுத்த தடவை போனா அந்த அடையே ஆளுக்கு ரெண்டா சொல்லிக்கலாம்" என்றார். பிறகு பஸ் கட்டணத்தைப் பற்றி முணுமுணுக்க ஆரம்பித்தார், வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

இந்த மனிதரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தான் சொன்னேன். நீங்கள் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர் இல்லை, பெருந்தன்மையானவர், சமையலில் குறை சொல்லிப் பழக்கமே இல்லாதவர். நல்லது. நேற்று நீங்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனபோது, ஒருவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அவரிடம் என்ன சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லவில்லையா? சரி. அது எந்த 'ஒன்றுமில்லை' என்று அவருக்குத் தெரியுமா?